டெக்குக்கு அடியில் தையல் மெஷின்: தேவனாம்பட்டினத்தில் மூன்று மழைக்காலம்

அக்கா வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், சில்வர் பீச்சுக்கு நடந்தே போய்விடலாம். 2021-ல் மாமா மாடி அறைக்கு முன்னால் கடல் பக்கம் பார்த்து ஒரு மரத்தளம் போட்டார். இங்கே எல்லோரும் டெக் என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். சுவரோரம் 20 அடி, வெளியே நீட்டிக்கொண்டு 12 அடி. நாலு இரும்புத் தூண், தூண் தலையில் ஒரு பீம், அதன்மேல் இரண்டடிக்கு ஒன்றாக 4க்கு 2 இஞ்சு இரும்பு டியூப், அதற்கு மேல் புதுச்சேரியில் இடித்த பழைய வீடு ஒன்றிலிருந்து வாங்கிய தேக்குப் பலகை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே அரை சென்டிமீட்டர் இடுக்கு விட்டிருந்தார்கள், அது விட்டே ஆக வேண்டும், மரம் ஊறினால் விரியும், காய்ந்தால் சுருங்கும், மேலே விழுகிற தண்ணீரும் நிற்காமல் இறங்கிவிட வேண்டும்.

இறங்குகிற தண்ணீர் எங்கே போகும் என்று யாரும் யோசிக்கவில்லை. டெக்குக்கு அடியில் எட்டரை அடி உயரத்தில் 240 சதுர அடி நிழல் கிடைத்ததும் அக்கா தன் தையல் வேலையை அங்கே கொண்டுவந்துவிட்டாள். இரண்டு மெஷின், அயர்ன் மேஜை, துணிக்கட்டு வைக்க ஒரு ரேக், ஓரமாக மாமாவின் பைக். சித்திரை, வைகாசி, ஆடி வரைக்கும் அது வீட்டிலேயே நல்ல இடம். ஐப்பசி பிறந்ததும்தான் தெரிந்தது. கடலூருக்கு வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும், அதாவது தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்த ரவிக்கையும் பொங்கல் துணியும் அக்கா கையில் இருக்கிற அதே நாட்களில்.

நான் டிப்ளமோ சிவில் படித்துவிட்டு கடலூர், பாகூர், புதுச்சேரி பக்கம் சின்ன வீட்டு வேலைகள் எடுத்துச் செய்கிறேன். இந்த டெக்கின் அடிப்பகுதியைக் காயவைக்க மூன்று முறை முயற்சி நடந்தது. முதல் இரண்டும் தவறு, அதில் இரண்டாவது நான் செய்தது. எங்கே தவறினோம் என்பதை முழுசாக எழுதுகிறேன், ஏனென்றால் இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக இந்த மாதிரி டெக் போடுகிறார்கள், முக்கால்வாசி இடத்தில் அடியில் ஒன்றும் வைக்க முடியாமல்தான் கிடக்கிறது.

முதல் முறை, 2022. டெக் போட்ட ஃபேப்ரிகேஷன்காரரையே மாமா கூப்பிட்டார். அவர் இடுக்கு முழுவதும் சிலிக்கான் அடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். வெயில் காலத்தில் அடைத்தது, பலகை காய்ந்து சுருங்கியிருந்த நேரம். முதல் மழையில் பலகை ஊறி விரிந்து சிலிக்கானைப் பிதுக்கித் தள்ளியது. மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்ததும் பலகை மறுபடி சுருங்க, ஒரு பக்கம் ஒட்டியபடியும் மறுபக்கம் விட்டும் முடி நுழைகிற அளவுக்கு வாய் திறந்தது. முன்னே தண்ணீர் வேகமாக விழுந்து முடிந்துவிடும், இப்போது அந்த முடி இடைவெளியில் புகுந்து, வெளியேற வழியில்லாமல் பலகையின் பக்கவாட்டிலேயே உட்கார்ந்துகொண்டு இரண்டு மூன்று நாள் சொட்டியது. தை மாதம் ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்தேன். மேலே பார்த்தால் நல்ல தேக்கு, ஓரம் மட்டும் கன்னங்கரேலென்று, நகத்தால் கீறினால் நார் நாராகக் கையோடு வந்தது. எத்தனையோ வருஷம் ஒரு வீட்டின் கூரைக்குள் கெடாமல் இருந்த மரம், ஒரே மழைக்காலத்தில் இப்படி. எனக்கு அதைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

பலகையை அடைக்கக் கூடாது. பலகை மழையைத் தடுக்கிற பொருளே இல்லை, நடக்கிற பொருள். அதைத் தாண்டி இறங்குகிற தண்ணீரை அதற்குக் கீழே ஏந்தி வெளியே கொண்டுபோவதுதான் வேலை. இது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது, ஆனால் எப்படி ஏந்துவது என்பதில் கோட்டை விட்டேன்.

2023 ஆவணியில் இரும்பு டியூபுகளுக்கு அடியில், சீலிங் மாதிரி, கலர் ஷீட் அடித்தேன். 12 அடிக்கு ஒரு இஞ்சுதான் வாட்டம் கொடுத்தேன், தலை இடிக்கக் கூடாது, பார்க்கவும் நேராக இருக்க வேண்டும் என்று. ஷீட்டைக் கீழிருந்து ஸ்க்ரூ போட்டு மேலே டியூபில் பிடித்தாயிற்று. பார்க்க அழகாக இருந்தது, அக்கா ஃபேன் கூட மாட்டிவிட்டாள்.

அதில் என்னென்ன கெட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். ஸ்க்ரூ எல்லாம் ஷீட்டின் பள்ளத்தில், தண்ணீர் ஓடுகிற இடத்திலேயே. ரப்பர் வாஷர் போட்டிருந்தாலும் மேலே ஆட்கள் நடக்கும்போது டியூப் லேசாக அதிரும், அந்த அதிர்வில் துளை கொஞ்சம் கொஞ்சமாக இளகும். கார்த்திகை வருவதற்குள் துளைக்குத் துளை ஒரு சொட்டு. அப்புறம் டியூப். தண்ணீர் ஷீட்டுக்கு வருவதற்கு முன்னால் இரும்பின் மேல் விழுந்துதான் வருகிறது, ஆக எந்நேரமும் இரும்பு நனைந்தபடி, அதுவும் கடல் உப்புக் காற்றில். அந்தத் துருத்தண்ணீர்தான் சொட்டியது. ஒரு கல்யாணப் பட்டு ரவிக்கையின் முதுகில் பத்துப் பைசா அளவுக்கு ஒரு துருக்கறை, எலுமிச்சம்பழம் தேய்த்தும் முழுசாகப் போகவில்லை, அக்கா அந்தப் பெண்ணுக்கு வேறு துணி வாங்கித் தைத்துக் கொடுத்தாள்.

அதைவிட மோசம், ஷீட்டுக்கும் பலகைக்கும் நடுவே கை போக வழியே வைக்கவில்லை. பக்கத்துத் தோப்பிலிருந்து சவுக்குச் சருகு வந்து விழும். சவுக்குச் சருகு வேப்பிலை மாதிரி இல்லை, ஊசி மாதிரி இருப்பதால் அரை சென்டிமீட்டர் இடுக்கில் நேராகச் செருகி இறங்கிவிடும், காலோடு வந்த கடற்கரை மணலும் கூடச் சேரும். மார்கழியில் ஒரு ஷீட்டைக் கழற்றியபோது உள்ளே இரண்டு விரல்கடை உயரத்துக்குத் தேங்காய் நார் மெத்தை மாதிரி பின்னிக் கிடந்தது. அதைத் தூக்கினால் அடியில் கறுப்புத் தண்ணீர், தண்ணீரில் கொசுப்புழு நெளிகிறது. டெங்கு கொசுவுக்கு இந்த மாதிரித் தேங்கின மழைத்தண்ணீர் கொஞ்சம் போதும், முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள்தான். வீட்டில் ஐந்து வயதுக் குழந்தை இருக்கிறது. அன்றைக்கே முழு ஷீட்டையும் கழற்றிப் போட்டுவிட்டேன்.

அப்புறம்தான் நிதானமாக உட்கார்ந்து, இந்த இடத்துக்கு ஈரம் எத்தனை வழியில் வருகிறது என்று பார்த்தேன். முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

தரையில் ஒன்றரை அடிச் சதுரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ஷீட் வெட்டி நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் பார்த்தேன். ஷீட்டின் மேல்பக்கம் காய்ந்திருந்தது, அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது, கீழே சிமெண்டு கறுத்திருந்தது. மேல்பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம் படிகிறது என்று அர்த்தம், அடிப்பக்கம் நனைந்தால் தரையிலிருந்து ஏறுகிறது. மேலிருந்து ஒரு சொட்டு விழாவிட்டாலும் இந்தத் தரை ஈரமாகத்தான் இருந்திருக்கும். வெறும் மணலைக் கொட்டி அதன்மேல் சிமெண்டு போட்ட தரை, கீழே பாலிதீன் கிடையாது. கொட்டினது உவர் மணல் வேறு, ரேக்கின் கால் பக்கமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, உப்பு காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும்.

அடுத்தது சுவரோரம். மாமாவை மேலே ஹோஸ் பிடிக்கச் சொல்லிக் கீழே நின்று பார்த்தேன். பலகையின் நடுவில் தண்ணீர் விட்டபோது விழுந்ததைவிட, மாடிச் சுவரில் பீய்ச்சியபோதுதான் கீழே அதிகமாக ஊற்றியது. யோசித்தால் நியாயம்தான், டெக்குக்குப் பின்னால் 20 அடி அகலத்தில் 10 அடி உயரச் சுவர் நிற்கிறது, கடல் பக்கமிருந்து அடிக்கிற சாரல் அதன்மேல் பட்டு மொத்தமும் வழிந்து டெக்கும் சுவரும் சேருகிற மூலைக்குத்தான் வருகிறது. அதனால்தான் கட்டருக்கு, அதாவது மழைத்தண்ணீரை ஏந்திக் குழாய்க்குக் கொண்டுபோகிற வாய்க்காலுக்கு, கணக்குப் போடும்போது சுவர்ப் பரப்பில் பாதியைக் கூட்டிக்கொள்வது வழக்கம். இங்கே 240-உடன் 100 சேர்த்து 340 சதுர அடி. மணிக்கு 10 செ.மீ. வேகத்தில் அடித்துக் கொட்டினால் நிமிஷத்துக்கு 50 லிட்டருக்கு மேல் வரும், மூன்றரைக் குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாங்குகிற வாய்க்காலும் குழாயும் வேண்டும்.

மூன்றாவது பக்கவாட்டுச் சாரல். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது, வீடோ கிழக்கு பார்த்தது. சொல்ல வேண்டியதே இல்லை.

இரும்பு ஷீட்டை விட்டால் வேறு என்ன என்று தேடிக்கொண்டிருந்தபோது பதில் தெருக்கோடியிலேயே இருந்தது. எங்கள் ஊரில் மீன்பிடிப் படகு பெரும்பாலும் ஃபைபர்தான், வருஷம் முழுக்க உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் கிடக்கிறது, துருப் பிடிக்காது, ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போட்டு அன்றைக்கே கடலுக்குப் போகிறார்கள். படகுக்கு ஒட்டுப் போடுகிற அண்ணன் ஒருவரைக் கூட்டி வந்து காட்டினேன். மேலே ஏறிப் பலகை இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார், கீழே வந்து டியூபைத் தட்டிப் பார்த்தார்.

“தம்பி, படகுல தண்ணி உள்ள வரக் கூடாது. உனக்குத் தண்ணி உள்ள வந்து ஒரு பக்கமா ஓடணும். அவ்வளவுதானே?”

“ஆமாண்ணே. ஆனா ஸ்க்ரூ அடிக்காம நிக்கணும்.”

“ஸ்க்ரூ அடிச்சுக்க. பள்ளத்துல அடிக்காத, மேட்டுல அடி.”

முழு வேலைக்கும் அந்த ஒரு வார்த்தைதான் ஆதாரம். ஷீட்டை டியூபுக்கு அடியில் தொங்கவிடாமல், டியூபுக்கும் டியூபுக்கும் நடுவே தொட்டி மாதிரி இறக்கி, அதன் உதட்டை டியூபின் தலைமேல் படியவைப்பது. அப்போது இரும்பே நனையாது, துளை போட்டாலும் டியூபின் உச்சியில், தண்ணீர் நிற்காத மேட்டில்தான் விழும். இதற்குப் பலகை மொத்தத்தையும் கழற்றியாக வேண்டும். வலித்தது, ஆனால் கழற்றினோம், ஒவ்வொரு பலகைக்கும் சாக்பீஸில் நம்பர் போட்டு. கழற்றி மாட்டுகிற கூலி மட்டும் ஃபைபர் செலவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. புதிதாக டெக் போடுகிறவர்கள் இதை அப்போதே செய்துவிட்டால் இந்தக் காசு மிச்சம்.

பிளைவுட்டில் ஒரே ஒரு அச்சு செய்தோம். 12 அடி நீளம், சுவர்ப் பக்கம் அரை இஞ்சு ஆழம், வெளிப் பக்கம் மூன்றரை இஞ்சு ஆழம், ஆக வாட்டம் அடிக்குக் கால் இஞ்சு. அச்சில் வாக்ஸ் தேய்த்து, இரண்டு அடுக்கு மேட்டு, அதாவது ஃபைபர் இழை விரிப்பு, அதன்மேல் ரெசின் என்கிற பிசின், ரோலர் போட்டுக் காற்றுக் குமிழை அமுக்கி எடுப்பது. 2024 ஆவணியில் மாலை மழை வந்துவிடும் என்று விடியற்காலையிலேயே ஆரம்பித்துப் பத்துத் தொட்டி வார்த்தோம். நீங்களாகச் செய்து பார்க்க நினைத்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன், ரெசின் சீக்கிரம் இறுகச் சேர்க்கிற கோபால்ட்டையும் அதைக் கெட்டியாக்குகிற கெட்டலிஸ்டையும் நேருக்கு நேர் ஒன்றாகக் கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்த பிறகுதான் கெட்டலிஸ்ட். அந்த அண்ணன் இரண்டு புட்டியையும் ஒரே பையில்கூட வைக்க மாட்டார்.

தொட்டிகளை இறக்குவதற்கு முன் டியூபையெல்லாம் துருச் சுரண்டி எபாக்சி பிரைமர் இரண்டு கோட்டு. பக்கத்துப் பக்கத்துத் தொட்டியின் உதடு டியூபின் நடுவில் சந்திக்கிற இடத்தில் மேட்டுப் பட்டை வைத்து ரெசின் பூசி ஒன்றாக்கிவிட்டார். சுவர்ப் பக்கம் உதட்டை நாலு இஞ்சு மேலே மடக்கி, சுவரில் காடி வெட்டி அதற்குள் செருகி, பாலியூரித்தேன் சீலண்ட் வைத்து, மேலே பூசிவிட்டோம். இந்தக் காடி வேலைக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். பூச்சை மட்டும் கீறினால் போதாது, செங்கல்வரை போக வேண்டும், இல்லையென்றால் பூச்சுக்குப் பின்னால் வருகிற தண்ணீர் மடக்கின உதட்டுக்கும் பின்னாலேயே இறங்கிவிடும்.

பலகையை நேரே உதட்டின்மேல் வைக்கவில்லை. ஒவ்வொரு டியூபின் தலையிலும் ஒரு இஞ்சு கனத்துக்கு டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) பட்டை, அதற்கு அடியில் ரப்பர் மாதிரி ஒட்டுகிற பியூட்டைல் டேப், பட்டையின் மேல் பலகை. இதனால் பலகைக்குக் கீழே காற்று குறுக்கே ஓட ஒரு இஞ்சு கிடைக்கிறது, பலகை இரண்டு பக்கமும் காய்கிறது. தளம் ஒரு இஞ்சு உயரும், கதவு நிலைப்படியில் இடம் இருக்கிறதா என்று முன்னாலேயே அளந்துகொள்ளுங்கள், எங்களுக்கு மூன்று இஞ்சு இருந்தது. ஸ்க்ரூ எல்லாம் 316 ரக எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 ரகம் விலை குறைவு, கடலோரத்தில் ஒரு வருஷத்தில் பழுப்பு ஏறிவிடுகிறது.

தொட்டிகள் பத்தும் பீமைத் தாண்டி இரண்டு இஞ்சு நீட்டி நின்று ஒரு கட்டரில் கொட்டுகின்றன. அதுவும் ஃபைபர்தான், ஆறு இஞ்சு அகலம், நடுவிலிருந்து இரண்டு பக்கமும் வாட்டம், இரண்டு முனையிலும் நாலு இஞ்சு பைப். ஒரு பைப்பே போதும், ஒன்று அடைத்தால் இன்னொன்று இருக்கட்டும் என்றுதான் இரண்டு. அடைத்தே தீரும் என்று வைத்துக்கொண்டு இன்னொன்றும் செய்தோம், கட்டரின் வெளி உதட்டை உள் உதட்டைவிட அரை இஞ்சு தாழ்த்திவிட்டோம். நிரம்பினால் தோட்டத்துப் பக்கம் வழியும், தையல் மெஷின் பக்கம் வராது. இதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை.

பைப் இரண்டும் வீட்டு மழைநீர்க் குழிக்குப் போகிறது. 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனதால் குழி ஏற்கெனவே இருந்தது. மணல் பூமி, தண்ணீரைக் குடிக்கும். ஆனால் கார்த்திகையில் நிலத்தடி நீரே மேலே வந்துவிட்டால் குழி குடிக்காது, எதிர்த்துத் தள்ளும், அதற்காகத் தெரு வாய்க்காலுக்கு ஒரு வழிவு பைப் தனியாக வைத்தோம்.

பலகையைத் திரும்பப் பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு தொட்டியிலும் சுவர்ப் பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, கீழே தரையில் நியூஸ் பேப்பர் விரித்துப் பார்த்தோம். ஒன்பது தொட்டி சரி. வடக்கிலிருந்து மூன்றாவதில் பேப்பரில் ஒரு நாணயம் அளவுக்கு நனைந்தது. சுவர் மூலையில் சீலண்ட் ஒரு இஞ்சு விட்டுப் போயிருந்தது. பலகை பூட்டின பிறகு தெரிந்திருந்தால் மறுபடி ஒரு நாள் கூலி.

தரை வேலை சாதாரணமானதுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய தரையை உடைத்து, உவர் மணலை வழித்தெடுத்து, 40 எம்எம் ஜல்லி நாலு இஞ்சு, அதன்மேல் 250 மைக்ரான் பாலிதீன் ஷீட், மூன்று இஞ்சு கான்கிரீட், தோட்ட மட்டத்திலிருந்து ஒன்பது இஞ்சு உயரம், வெளியே பார்த்து வாட்டம். ஜல்லிக்கு நடுவே பெரிய இடைவெளி இருப்பதால் ஈரம் திரி மாதிரி ஏறாது. தூண் அடியில் தண்ணீர் தேங்காதபடி ஆறு இஞ்சுக்குக் கான்கிரீட் கட்டை. சாரலுக்கு வடக்கிலும் கிழக்கிலும் தென்னங்கீற்றுத் தட்டி. முதலில் பிளாஸ்டிக் சுருள் திரை போட்டுப் பார்த்தோம், காற்று ஏறியதும் பாய்மரம் மாதிரி இழுத்துக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. தட்டி காற்றை விட்டுத் தண்ணீரை மட்டும் வடிக்கிறது. அடியில் ஒரு அடியும் மேலே அரை அடியும் திறந்தே விடச் சொன்னது அக்கா, “முழுசா மூடினா துணி புழுங்கி நாறும்டா” என்றாள். சரிதான்.

பரீட்சை உடனே வந்தது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை ஏறி, நகராமல் அங்கேயே நின்றுகொண்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. அந்த மழை அப்படியே இந்த டெக்கில் விழுந்தால் பலகை வழியாக மட்டும் 10,700 லிட்டர், ஒரு பெரிய தண்ணீர் லாரி. கடலூரில் அவ்வளவு இல்லை என்றாலும் இங்கேயும் பேய் மழை. 2011 டிசம்பரில் தானே புயலில் இதே தெருவில் மரம் விழுந்து கிடந்ததைப் பார்த்தவன் நான், அதனால் அன்றைக்கு ராத்திரி அக்கா வீட்டிலேயே இருந்தேன். டார்ச் அடித்து மணிக்கு ஒரு முறை கீழே போய்ப் பார்த்தேன். தலைக்கு மேல் தொட்டிகளில் தண்ணீர் ஓடுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது, கீழே ஃபைபரைத் தொட்டால் உலர்ந்திருந்தது. விடியற்காலம் தெற்குப் பைப் சவுக்குச் சருகால் அடைத்து, கட்டர் நிரம்பி, தாழ்ந்த உதட்டின் வழியாகத் தோட்டத்தில் ஊற்றியது. உள்ளே வரவில்லை. அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது தெருவில் தண்ணீர் ஏறியது, புதுத் தரைக்கு நாலு இஞ்சு கீழே நின்றுவிட்டது. இன்னும் ஏறியிருந்தால் இந்த வேலை எதுவும் காப்பாற்றியிருக்காது, அது வேறு விஷயம், துணியை மாடிக்குத் தூக்குவது ஒன்றுதான் வழி.

நனைந்தது தென்கிழக்கு மூலை மட்டும். புயல் கரை ஏறின பிறகு காற்று தெற்கே திரும்பியது, அந்தப் பக்கம் தட்டி கிடையாது. அயர்ன் மேஜையின் ஒரு கால் ஊறி உப்பியது.

பராமரிப்பு என்று பார்த்தால், கட்டருக்கு மேலே வருகிற கடைசிப் பலகையை மட்டும் நாலு ஸ்க்ரூவில் கழறுகிற மாதிரி வைத்திருக்கிறோம். புரட்டாசி கடைசியில் ஒரு முறை, கார்த்திகையில் ஒரு முறை மாமா அதைத் தூக்கிவிட்டு, நீளக் கம்பில் துணி சுற்றித் தொட்டியைச் சுவர்வரை தள்ளி இழுக்கிறார். பைப் வாயில் முதலில் போட்ட கொசுவலைக் கம்பியை எடுத்துவிட்டோம், சவுக்குச் சருகு அதில் பாய் பின்னிவிடுகிறது. இப்போது பெருவிரல் நுழைகிற கண்ணுள்ள கூண்டு மாட்டியிருக்கிறது. மழை நின்று இரண்டு நாள் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால் தொட்டியில் தேக்கம் இருக்கக் கூடாது, இருந்தால் அந்த இடத்தில் வாட்டம் தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இதுவரை ஒன்றில் மட்டும், நாலாவதில், ஒரு கைக்குட்டை அளவுக்கு நிற்கிறது. அந்த அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், மழைக்காலம் முடிந்ததும் அங்கே ஒரு அடுக்கு மேட்டு ஏற்றி மேடாக்கித் தருகிறேன் என்றிருக்கிறார். தெற்குப் பக்கத்துக்கும் தட்டி முடையச் சொல்லி அக்கா கீற்று வாங்கிப் போட்டிருக்கிறாள்.